டைம் ஆபீஸ் அக்காவுக்கு ஏற்ற திரை

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பணியாளர் பதிவு மென்பொருள் செய்து கொடுப்பது என் தொழில். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: திரையை வரைய உட்காரும் முன் ஒரு சனிக்கிழமை முழுக்க, வருகைப் பதிவும் சம்பளமும் பார்க்கும் டைம் ஆபீஸில் போய் உட்காருங்கள். வாரச் சம்பள நாள், ஜன்னலில் கூட்டம் நிற்கும். நான் போயிருந்தபோது அங்கிருந்த அக்கா சொன்னார்: "இங்க யாரும் பேரு சொல்றதில்லீங்க தம்பி, டோக்கன் நம்பரத்தான் சொல்லுவாங்க."

நான் தேடலுக்கு ஐந்து பெட்டிகள் வைத்திருந்தேன். அன்றே எடுத்துவிட்டேன். ஒரே பெட்டி போதும். டோக்கன் எண், பெயர், செல்போனின் கடைசி நான்கு இலக்கம், எதை அடித்தாலும் ஆள் வந்துவிட வேண்டும். முருகேசனுக்கு ஆங்கிலத்தில் 'எஸ்' மட்டுமா, கூட 'ஹெச்' உண்டா என்று அக்கா யோசிக்கும்படி விடாதீர்கள். இரண்டுக்கும் அதே ஆளைக் காட்டுங்கள்.

அடுத்தது பெயர். இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டாயப் பெட்டிகள் வைத்தால், நம் ஆட்களுக்குக் கடைசிப்பெயர் எங்கே இருக்கிறது? ஒருவர் இனிஷியலைப் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை முழுசாகப் போடுவார், மூன்றாமவர் ஒரு புள்ளி வைத்துத் தாண்டிவிடுவார். பி.எஃப். கணக்கில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி என்று ஆகிவிடும். எட்டு வருடம் ஓவர்லாக் தைத்த ஓர் அம்மா மகள் கல்யாணத்துக்குப் பி.எஃப். பணம் கேட்டபோது, இந்த ஓர் எழுத்து இனிஷியலுக்காக ஜாயின்ட் டிக்ளரேஷன் (தொழிலாளியும் கம்பெனியும் சேர்ந்து கொடுக்கும் திருத்த விண்ணப்பம்) போட அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு என் திரையில் 'ஆதாரில் உள்ளபடி பெயர்' என்று ஒரே நீளப் பெட்டிதான். 'கூப்பிடும் பெயர்' தனி. தந்தை அல்லது கணவர் பெயர் அதற்குக் கீழே.

எண்களில் ஒரு சிக்கல் உண்டு. ஆதாரும் 12 இலக்கம், பி.எஃப். உறுப்பினருக்கான யு.ஏ.என். எண்ணும் 12 இலக்கம். அவசரத்தில் இடம் மாறிவிடும். ஆதாரை நான்கு நான்காகப் பிரித்துக் காட்டுங்கள், யு.ஏ.என்.னைச் சேர்த்தே காட்டுங்கள். ஆதார் 0, 1 இரண்டிலும் தொடங்காது. அதன் கடைசி இலக்கம் வெர்ஹோஃப் முறையில் வரும் சரிபார்ப்பு எண் என்பதால் தவறாக அடித்ததை அங்கேயே பிடித்துவிடலாம். சேமித்த பிறகு கடைசி நான்கு மட்டும் தெரிந்தால் போதும், அந்தத் திரையை ஜன்னலில் நிற்பவரும் பார்ப்பார். வங்கிக் கிளையின் குறியீடான ஐ.எஃப்.எஸ்.சி. 11 எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே 'ஓ' அடித்தால் திட்டாமல் நீங்களே பூஜ்யமாக மாற்றிவிடுங்கள்.

பிறந்த தேதிக்குக் காலண்டர் வேண்டாம். 1979க்கு மாதம் மாதமாகப் பின்னால் போக வைப்பது கொடுமை. எட்டு இலக்கத்தை அடிக்க விடுங்கள். பெட்டிகளின் வரிசை காகித விண்ணப்பத்தின் வரிசையாகவே இருக்கட்டும், என்டர் தட்டினால் அடுத்ததற்குப் போகட்டும். பிழைச் செய்தி தமிழில் வரட்டும்.

'நீக்கு' பொத்தானே கூடாது. 'விலகிய தேதி' மட்டும் போதும். தீபாவளிக்கு ஊருக்குப் போன டெய்லர் தை மாதம் முடிந்து திரும்புவார். அவர் ஆதாரை அடித்ததும் பழைய பதிவு எழுந்து வந்து, 'மீண்டும் சேர்க்கவா?' என்று கேட்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆளுக்கு மூன்று பதிவு ஆகிவிடும்.

எல்லாம் முடிந்ததும் பத்துக் காகித விண்ணப்பங்களை அக்காவிடம் கொடுங்கள். பின்னால் நின்று வாய் திறக்காமல் பாருங்கள். அவர் கை எந்தப் பெட்டியில் நிற்கிறதோ, அன்று மாலையே அதைத் திருத்துங்கள்.