மிரளும் குட்டியை விரட்டிப் பிடிக்காதீர்கள்

போன மாதம் பினாங்கு நிபோங் திபாலில் ஒரு தம்பி புதிதாக ஆட்டுக் கொட்டகை போட்டிருக்கிறார் என்று பார்க்கப் போனேன். நான்கு ஜமுனாபாரி இனக் குட்டிகள். ஒன்று மட்டும் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றது. "இது ரொம்ப பயந்தாங்கொள்ளிண்ணே. தினமும் பிடிச்சு மடியில வெச்சுக்கிறேன், சரியாயிடும்" என்றார். ஒரு காலத்தில் நான் ஆடிய அதே கூத்து. தண்ணீர், தீனி பற்றியெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு: மிரளும் குட்டியிடம் செய்யக்கூடாத நாலு காரியம்.

விரட்டிப் பிடித்துக் கொஞ்சுவது

நமக்கு அது கொஞ்சல். குட்டிக்கு நாய் கவ்வுகிற மாதிரி. ஆட்டுக்குக் கண் பக்கவாட்டில். பின்னால் பதுங்கி வருகிறவனும் ஏறக்குறையத் தெரிவான்.

என்னிடம் ஒரு செவலைக் குட்டி இருந்தது. பால் மறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வேலை முடிந்து வந்ததும் தினம் பிடிப்பேன். ஆறாம் நாள் என் செருப்புச் சத்தத்துக்கே பாய்ந்தது. நம் ஊர்க் கொட்டகைதான் தெரியுமே, தரையிலிருந்து உயர்த்தி, புழுக்கை விழ இடைவெளி விட்டுப் பலகை அடித்திருப்போம். அந்த இடைவெளியில் முன்னங்கால் சிக்கி மளுக்கென்றது. வைத்தியத்துக்கு 280 வெள்ளி. காசு போனால் போகட்டும், கட்டு அவிழ்த்த பிறகும் என்னைக் கண்டால் ஒதுங்கும், என் மனைவி கையில் மட்டும் தின்னும். அதுதான் இன்றைக்கும் எரிச்சல்.

அவள் கவிழ்த்த வாளிமேல் பக்கம் திரும்பி உட்காருவாள். ஒரு கையில் பலா இலைக் கொத்து, மறு கையில் கைப்பேசி, தங்கச்சியோடு ஊர்க்கதை. குட்டியைத் திரும்பியும் பார்க்க மாட்டாள். நாலாம் நாள், பின்னங்கால்களை ஓடத் தயாராக ஊன்றிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி இலை நுனியை இழுத்தது. அப்போதும் அவள் கை நீட்டவில்லை. அதுவாக வந்து முழங்காலை முகர்ந்த பிறகுதான் நெஞ்சுப் பக்கம் மெல்லச் சொறிந்தாள்.

தனியாகக் கட்டுவது

கத்திக் கத்தியே தீனியை விட்டுவிடும். சாதுவான கிழட்டு ஆடு ஒன்றைப் பக்கத்தில் விடுங்கள். அது உங்கள் கையில் தின்பதைக் குட்டி பார்க்கட்டும்.

நெற்றியில் தட்டி விளையாடுவது

கிடாய் என்றால், கொம்பு வந்ததும் உங்களையே முட்டும், அப்போது தெரியும்.

இலை காட்டி ஊசி போடுவது

குடற்புழு மருந்துக்கும் ஊசிக்கும் பிடித்துத்தான் ஆகவேண்டும். அன்றைக்கு வேறொருவர் பிடிக்கட்டும். இலையை நீட்டி ஏமாற்றினால், அடுத்த முறை இலையைக் கண்டாலே ஓடும்.

தம்பி நேற்று ஒரு படம் அனுப்பினார். கவிழ்த்த வாளி, சுற்றி மூன்று குட்டிகள். நாலாவது இன்னும் மூலையில்தான். ஆனால் கால் மடக்கிப் படுத்து, அசை போட்டுக்கொண்டிருக்கிறது.