அமெரிக்காவில் பிசியோதெரபி மேற்படிப்பு: கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முறை

அமெரிக்காவில் படித்துப் பிசியோதெரபிஸ்டாக விரும்புகிறவர் டி.பி.டி. எனப்படும் முனைவர் நிலைத் தொழிற்பட்டம் பெற்றாக வேண்டும். பெரும்பாலும் நான்காண்டு இளநிலைப் படிப்புக்குப் பிறகு மூன்றாண்டுகள் படிக்க வேண்டியது இது. முன்பு இளநிலைப் பட்டமும், பின்னர் முதுநிலைப் பட்டமும் இந்தத் தொழிலுக்குப் போதுமானவையாக இருந்தன. 2016 முதல் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் எல்லாம் டி.பி.டி. பட்டத்தையே வழங்குகின்றன. நாடு முழுவதும் இத்தகைய படிப்புகள் 300-க்கு மேல் உள்ளன. இரண்டு மூன்று கல்லூரிகளிலிருந்து அனுமதிக் கடிதம் வந்துவிட்ட நிலையில் எதை ஏற்பது என்று தடுமாறும் மாணவர்களையும், அவர்களுக்காகக் கணக்குப் போடும் பெற்றோரையும், தமிழ்நாட்டில் பி.பி.டி. எனப்படும் இளநிலைப் பிசியோதெரபிப் பட்டப் படிப்பை முடித்துவிட்டு அமெரிக்கா செல்ல எண்ணுகிறவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கல்லூரியில் படித்தாலும் எழுத வேண்டிய உரிமத் தேர்வு ஒன்றுதான். என்.பி.டி.இ. எனப்படும் அந்தத் தேர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என ஆண்டுக்கு நான்கு முறை நடக்கிறது; 200 முதல் 800 வரையான அளவுகோலில் 600 பெற்றவர் தேர்ச்சி பெற்றவராவார். புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகத்தில் படித்தவரும், மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதில் பாதிச் செலவில் படித்தவரும் ஒரே மருத்துவமனையில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தால், அவர்களுடைய தொடக்கச் சம்பளத்தில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. அவர்கள் சுமக்கும் கடனில்தான் வேறுபாடு இருக்கும். தேர்வு செய்யும்போது இதை ஒரு கணமும் மறக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

அங்கீகாரமும் முடிவுகளும்

அமெரிக்காவில் பிசியோதெரபிக் கல்விக்கு அங்கீகாரம் தரும் அமைப்பின் பெயர் கேப்டி. அதன் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவரே உரிமத் தேர்வுக்கு நேராகச் செல்ல முடியும். புதிதாகத் தொடங்கப்பட்ட கல்லூரிகளுக்கு முழு அங்கீகாரம் உடனே கிடைப்பதில்லை. அவை அங்கீகாரத்துக்குக் காத்திருக்கும் ‘வேட்பாளர்’ நிலையில் மாணவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. முதல் அணி, அதாவது முதலாண்டில் சேர்ந்த மாணவர்கள், படிப்பை முடிக்கும் தறுவாயில்தான் முழு அங்கீகாரம் குறித்த முடிவு வருகிறது. பெரும்பாலான புதிய கல்லூரிகள் அதைப் பெற்றுவிடுகின்றன என்றாலும், பெறாவிட்டால் அந்த முதல் அணி மாணவர்கள் உரிமத் தேர்வு எழுத முடியாத நிலைக்குத் தள்ளப்படலாம். ஆகவே புதிய கல்லூரியை எண்ணுகிறவர்கள், அதன் இயக்குநர் இதற்கு முன் வேறெங்காவது ஒரு படிப்பைத் தொடங்கி நடத்திய அனுபவம் உள்ளவரா, ஆசிரியர் பணியிடங்கள் நிரம்பிவிட்டனவா என்பதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். நன்னடத்தைக் கண்காணிப்பு போன்ற ‘புரொபேஷன்’ நிலையில் உள்ள கல்லூரிகளின் பட்டியலும் கேப்டியின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது.

அங்கீகாரத்தைப் பார்த்த பிறகு, ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டிய முடிவுகளைப் பார்க்க வேண்டும். படிப்பை முடித்தோர் விகிதம், உரிமத் தேர்வில் இறுதியாகத் தேர்ச்சி பெற்றோர் விகிதம், வேலையில் சேர்ந்தோர் விகிதம் ஆகிய மூன்றும் அங்கே இருக்கும். ஈராண்டுச் சராசரியில் படிப்பை முடித்தோர் 80 விழுக்காட்டுக்கும், தேர்ச்சி 85 விழுக்காட்டுக்கும் குறையக் கூடாது என்பது கேப்டி வைத்திருக்கும் வரம்பு. இந்த எண்களைத் தனித்தனியாகப் படித்தால் ஏமாந்துபோக நேரிடும். ஒரு கல்லூரியில் 60 பேர் சேர்ந்து, 12 பேர் இடையில் விலக்கப்பட்டோ விலகியோ போய், மீதி 48 பேரும் தேர்வில் வென்றால், அந்தக் கல்லூரி ‘நூறு விழுக்காடு தேர்ச்சி’ என்று பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளலாம். அது பொய்யும் ஆகாது. ஆனால் ஐந்தில் ஒருவர் பட்டமும் இல்லாமல் கடனோடு வீடு திரும்பியிருக்கிறார். எனவே முடித்தோர் விகிதத்தை முதலில் படியுங்கள். அதற்குப் பிறகு தேர்ச்சி விகிதத்தைப் படியுங்கள். ‘இறுதித் தேர்ச்சி’ என்பது இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் எழுதி வென்றவர்களையும் சேர்த்த கணக்கு. முதல் முயற்சியிலேயே வென்றவர்கள் எத்தனை பேர் என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். தேர்வு தவறும் ஒவ்வொரு முறையும் மூன்று மாதம் காத்திருக்க நேர்வதும், அந்த மூன்று மாதமும் சம்பளம் இல்லாமல் கழிவதும், வாழ்நாளில் ஆறு முறைக்கு மேல் எழுத முடியாது என்னும் விதியும் சேர்ந்து மாணவரை வாட்டிவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. ஒரு பாடத்தில் தவறிவிட்டால் கல்லூரி என்ன செய்கிறது? இந்தப் படிப்பில் பாடங்கள் பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறையே நடத்தப்படுவதால், தவறியவர் அடுத்த அணி வரும்வரை ஓராண்டு காத்திருக்க வேண்டியிருக்கலாம். சில கல்லூரிகள் மறுதேர்வுக்கு வாய்ப்புத் தருகின்றன, சில நேரடியாக நீக்கிவிடுகின்றன. மாணவர் கையேட்டில் இது எழுதப்பட்டிருக்கும். சேருமுன்னரே அந்தக் கையேட்டைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுவது நல்லது.

மொத்தச் செலவு

கல்விக் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டுவிட்டு முடிவெடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கேப்டியின் விதிப்படி ஒவ்வொரு கல்லூரியும் மாணவர் நிதித் தகவல் தாள் ஒன்றை வெளியிட வேண்டும். கட்டணம், இதர வசூல்கள், படிப்பு முழுவதற்குமான செலவு ஆகியவை அதில் ஒரே வடிவத்தில் இருப்பதால் இரண்டு கல்லூரிகளின் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். அதோடு மூன்றாண்டு வாடகை, உணவு, கார், மருத்துவக் காப்பீடு, வெளியூர்ப் பயிற்சிக்குப் போகும்போது ஆகும் இரட்டை வாடகை ஆகியவற்றையும் நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டும். பெற்றோர் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் ஒரு நல்ல மாநிலப் பல்கலைக்கழகம் இருந்தால், அதன் மதிப்பு பல பல்லாயிரம் டாலர்.

கடனை மாதத் தவணையாக மாற்றிப் பார்த்தால்தான் அதன் உண்மையான எடை தெரியும். 8 விழுக்காடு வட்டியில் பத்தாண்டுகளில் அடைப்பதாகக் கொண்டால், 1,00,000 டாலர் கடனுக்கு மாதம் சுமார் 1,213 டாலரும், 1,80,000 டாலர் கடனுக்குச் சுமார் 2,184 டாலரும் கட்ட வேண்டும். இடைவெளி மாதம் 970 டாலருக்கு மேல். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் 2024 மே மாதக் கணக்குப்படி பிசியோதெரபிஸ்டுகளின் இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் இதற்குக் கீழும் பெறுவது) ஆண்டுக்கு 1,01,020 டாலர். புதிதாகச் சேருகிறவர்கள் பொதுவாக அதற்குக் கீழேதான் தொடங்குகிறார்கள். வரி போக மீதியிருக்கும் தொகையில் 2,184 டாலரை மாதந்தோறும் எடுத்து வைப்பவர், தனக்குப் பிடித்த குழந்தைகள் மறுவாழ்வுப் பிரிவில் குறைந்த சம்பளத்துக்கு வேலை கிடைத்தாலும் அதை ஏற்கத் தயங்குவார். கடன், வாழ்க்கையின் அடுத்த பத்தாண்டுத் தேர்வுகளையும் சேர்த்துத் தீர்மானித்துவிடுகிறது என்பதால்தான் இந்தப் பகுதியை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

இப்போது ஒரு முக்கியமான மாற்றமும் நிகழ்ந்திருக்கிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறும் மேற்படிப்பு மாணவர்களுக்கு ‘கிராட் பிளஸ்’ என்னும் கூட்டாட்சிக் கல்விக் கடன் இல்லை. மற்றக் கூட்டாட்சிக் கடனுக்கு, பொதுவான மேற்படிப்பானால் ஆண்டுக்கு 20,500 டாலரும் மொத்தம் 1,00,000 டாலரும், ‘தொழில்முறைப் பட்டம்’ என வகைப்படுத்தப்பட்ட படிப்புக்கு ஆண்டுக்கு 50,000 டாலரும் மொத்தம் 2,00,000 டாலரும் உச்சவரம்பு. நீங்கள் சேரும் ஆண்டில் டி.பி.டி. எந்த வகையில் வைக்கப்படுகிறது என்பதைக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். வகை மாறினால் தனியார் வங்கிக் கடனுக்குப் போக வேண்டிய தொகையும் அடியோடு மாறிவிடும். இராணுவத்தில் சேரத் தயாராக உள்ள அமெரிக்கக் குடிமக்களுக்கு, டெக்சாஸின் சான் அன்டோனியோவில் நடக்கும் அமெரிக்க இராணுவ-பேய்லர் படிப்பு வேறொரு வழி: அங்கே கட்டணம் கிடையாது, அதிகாரிக்குரிய சம்பளமும் உண்டு, பதிலுக்குக் குறிப்பிட்ட காலம் பணிபுரிய வேண்டும்.

பயிற்சி எங்கே, யாரிடம்?

வகுப்பறைப் பாடங்கள் எல்லாக் கல்லூரிகளிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். ஒரு மாணவரைப் பிசியோதெரபிஸ்டாக ஆக்குவது மருத்துவமனைப் பயிற்சிதான். பக்கவாதத்துக்குப் பிறகு முதன்முறையாகக் கட்டிலின் ஓரத்திலிருந்து எழுந்து நிற்கும் நோயாளியின் இடுப்புப் பட்டையை எந்தக் கையால், எந்தக் கோணத்தில் பிடிப்பது, அவருடைய முழங்கால் மடங்கப்போகிறது என்பதை அது மடங்குவதற்கு முன்பே எப்படி உணர்வது, குடும்பத்தார் பார்த்துக்கொண்டிருக்கும்போது குரலில் பதற்றம் தெரியாமல் எப்படிப் பேசுவது என்பனவற்றை எந்தப் பாடநூலும் கற்றுத்தராது. அருகில் நின்று, தேவைப்படும்போது மட்டும் கைகொடுக்கும் பயிற்றுநர் ஒருவரே கற்றுத்தர முடியும்.

முழுநேரப் பயிற்சி குறைந்தது 30 வாரம் இருக்க வேண்டும் என்பது கேப்டியின் விதி. பல கல்லூரிகள் அதற்கு மேலும் தருகின்றன. வாரங்களின் எண்ணிக்கையைவிட, பயிற்சியிடங்களைக் கல்லூரி எப்படி ஏற்பாடு செய்கிறது என்பதே முக்கியம். கடந்த இரண்டு அணிகளின் மாணவர்கள் எந்தெந்த ஊர்களுக்கு, எந்தெந்த வகை மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டார்கள் என்று கேளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு, நரம்பியல் மறுவாழ்வு மையம், குழந்தைகள் பிரிவு ஆகியவற்றில் இடம் கிடைப்பது எளிதல்ல. பெரிய மருத்துவமனையோடு இணைந்த பல்கலைக்கழகங்களுக்கு இதில் தெளிவான சாதகம் உண்டு. வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் தங்கும் செலவு யாருடையது, கடைசி நேரத்தில் ஓரிடம் ரத்தானால் பட்டம் பெறுவது தள்ளிப்போகுமா என்பவையும் கேட்க வேண்டியவை. பென்சில்வேனியாவின் வைடனர் பல்கலைக்கழக மாணவர்கள் செஸ்டர் நகரில் நடத்தும் இலவசச் சிகிச்சை நிலையத்தைப் போல, மாணவர்களே நடத்தும் நிலையம் ஒன்று கல்லூரியில் இருந்தால் அதைப் பெரிய நன்மையாகவே கருதுவேன். முழுநேரப் பயிற்சி தொடங்கும் முன்பே காப்பீடு இல்லாத எளிய மக்களைத் தொட்டுச் சிகிச்சை அளிக்கும் பழக்கம் வந்துவிடும்.

இணையவழி வகுப்புகளும் நேரடிச் செய்முறை வாரங்களும் கலந்து, இரண்டாண்டுகளிலேயே முடியும் படிப்புகளும் இப்போது உள்ளன. பேய்லர் பல்கலைக்கழகமும் டென்னசியின் சவுத் கல்லூரியும் இவ்வகையில் அறியப்பட்டவை. ஓராண்டு முன்னதாகச் சம்பாதிக்கத் தொடங்கலாம் என்பது உண்மையான ஆதாயம். ஆனால் இடைவெளியே இல்லாத அந்த வேகம், தானே திட்டமிட்டுப் படிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கே ஏற்றது. இளநிலைப் படிப்பில் ஆசிரியரின் அருகாமையால் முன்னேறியவர்கள் மூன்றாண்டுப் படிப்பையே எடுப்பது நல்லது.

தரவரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். யு.எஸ். நியூஸ் இதழின் பிசியோதெரபிப் பட்டியல், கல்வித்துறையினர் மற்றக் கல்லூரிகளுக்கு இடும் மதிப்பெண்ணை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. கட்டணமோ தேர்ச்சி விகிதமோ அதில் கணக்கில் வருவதில்லை. டெலவேர், பிட்ஸ்பர்க் போன்ற பல்கலைக்கழகங்கள் அதில் மேலிடங்களில் வருவது அவற்றின் ஆராய்ச்சிப் பெருமையால். ஆராய்ச்சியில் ஈடுபட விரும்புகிறவருக்கு அது பயன்படும், மற்றவர்கள் அதற்குப் பெரிய எடை கொடுக்க வேண்டியதில்லை. ‘விளையாட்டுப் பிசியோதெரபியில் சிறந்த கல்லூரி’ என்னும் விளம்பரத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தியாவின் முதுநிலைப் படிப்பான எம்.பி.டி. போல அமெரிக்காவில் படிக்கும்போதே சிறப்புப் பிரிவு எடுப்பதில்லை. டி.பி.டி. பொதுப் பயிற்சிதான், சிறப்புத் தகுதி பட்டத்துக்கும் உரிமத்துக்கும் பிறகே வருகிறது.

இந்தியாவில் பி.பி.டி. முடித்தவர்களுக்கு

தமிழ்நாட்டில் பட்டம் பெற்றவர்கள் மறுபடியும் முழு டி.பி.டி. படித்தாக வேண்டும் என்பதில்லை. எஃப்.சி.சி.பி.டி. போன்ற அமைப்புகள் உங்கள் மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்டத்தையும் அமெரிக்கப் படிப்போடு ஒப்பிட்டு மதிப்பிடும். குறைவுபடும் பாடங்களைத் தனியாகப் படித்து நிரப்பி, தேவையான ஆங்கிலத் தேர்வையும் முடித்து, மாநில உரிம வாரியம் ஒப்புக்கொண்டால் என்.பி.டி.இ. எழுதலாம். பன்னாட்டு மாணவர்களுக்குக் கூட்டாட்சிக் கல்விக் கடன் கிடையாது என்பதால், முழு டி.பி.டி. படிப்புக்கு ஊரில் நிலத்தை அடமானம் வைக்கும் முன் இந்த வழியை முழுமையாக ஆராய்ந்து பார்த்துவிடுங்கள்.

‘டிரான்சிஷனல் டி.பி.டி.’ என்ற பெயரில் விளம்பரமாகும் படிப்பில் கூடுதல் கவனம் தேவை. ஏற்கெனவே பிசியோதெரபிஸ்டாக உள்ளவர்களுக்கான மேல்நிலைப் படிப்பு அது. கேப்டி அதற்கு அங்கீகாரம் வழங்குவதில்லை, அந்தப் பட்டம் ஒன்றே உரிமத் தேர்வுக்குத் தகுதி தருவதுமில்லை. முகவர் ஒருவர் ‘டி.பி.டி. சேர்த்துவிடுகிறேன், அமெரிக்காவில் வேலை உறுதி’ என்று சொன்னால், அது எந்த வகை டி.பி.டி. என்பதை அவரிடம் கேட்காமல் பல்கலைக்கழகத்திடமே நேரடியாகக் கேளுங்கள். பிசியோதெரபிஸ்ட் பணி, அமெரிக்கக் குடியேற்ற விதிகளில் தொழிலாளர் சான்று தேவைப்படாத ‘ஷெட்யூல் ஏ’ பட்டியலில் இருக்கிறது. ஆயினும் இந்தியாவில் பிறந்தவர்களுக்குக் கிரீன் கார்டு வரிசை நீளமானது என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இடத்தை உறுதிசெய்ய முன்பணம் கட்டும் முன், கல்லூரிக்கு நேரில் செல்ல முடிந்தால் செல்லுங்கள். முடியாவிட்டால் இணையவழியிலாவது மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இருவரோடு, ஆசிரியர்கள் உடனில்லாத நேரத்தில் பேசுங்கள். உடற்கூறு ஆய்வகத்தில் ஓர் உடலுக்கு எத்தனை மாணவர்கள், செய்முறை வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர், கடந்த ஆண்டில் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள் என்று கேளுங்கள். பிறகு அங்கீகார நிலை, மூன்றாண்டுக்குமான மொத்தக் கட்டணம், ஆண்டுதோறும் கட்டணம் உயரும் அளவு, முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்னும் நான்கையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். இரண்டு கல்லூரிகளின் பதில்களும் கைக்கு வந்த பிறகு முன்பணத்தைக் கட்டினால் போதும்.