பாசலில் ஒரு நாள்: ஹெர்சோக் – டெ மெரோன் கட்டடங்களை எப்படிப் பார்ப்பது?

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கட்டட வரைபடம் போடுகிற வேலை எனக்கு. ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக் காட்டும் பொறுப்பு என் தலையில்தான் விழும். பெய்ஜிங்கின் 'பறவைக் கூடு' அரங்கம், லண்டன் டேட் மாடர்ன், ஹம்பர்க் எல்ப்பில்ஹார்மனி எல்லாம் செய்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். கட்டடக் கலைஞர்களான ஜாக் ஹெர்சோக், பியர் டெ மெரோன் இருவருமே 1950இல் இங்கே பிறந்து, 1978இல் இங்கேயே அலுவலகம் போட்டவர்கள். 2001இல் கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசும் வாங்கினார்கள்.

ரோஷ் மருந்து நிறுவனத்துக்கு இவர்கள் கட்டிய கோபுரங்களில் தொடங்காதீர்கள். 178 மீட்டர் ஒன்று, 205 மீட்டர் இன்னொன்று. டிராமில் போகும்போதே கண்ணில் பட்டுவிடும், அது போதும்.

காலையில் முதலில் ஷூட்ஸென்மாட்ஷ்ட்ராஸ, 11ஆம் எண் வீடு. 1993இல் ஒடுங்கிய மனையில், பக்கத்து வீடுகளுக்கு நடுவே செருகிய குடியிருப்பு. எதிர் நடைபாதையில் நின்று பாருங்கள். மாடிகளின் தெருப்பக்கம் முழுக்க வார்ப்பிரும்பு மடிப்புக் கதவுகள், நெளிநெளியான துளைகளோடு. போன வருஷம் வந்த என் மைத்துனன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்ன மாமா, சாக்கடை மூடி மாதிரி இருக்கு?" என்றான். கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் தெருவோர வடிகால் மூடியைப் பார்த்துத்தான் அந்த வடிவமே வந்தது! சீக்கிரம் போனால் சில கதவுகள் மூடியிருக்கும், சில திறந்திருக்கும். வீட்டுக்காரர்கள் எழுந்து திறக்கத் திறக்கக் கட்டடத்தின் முகமே மாறும். குடியிருக்கிற இடம், ஜன்னலுக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள்.

அங்கிருந்து நடந்தே மியூன்ஸ்டர் சதுக்கம். பண்பாட்டு அருங்காட்சியகத்தின் முற்றத்துக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். 2011இல் போட்ட கூரை, கரும்பச்சையில் அறுகோண ஓடுகள். பிறகு டிராம் ஏறி மெஸ்ஸப்ளாட்ஸ். 2013இல் கட்டிய கண்காட்சிக் கூடத்தின் நடுவில் பெரிய வட்டத் திறப்பு இருக்கிறது. கட்டுச்சோறு கொண்டு போயிருந்தால் அதன் அடியில் உட்கார்ந்து சாப்பிடலாம். வேறு வேலை அங்கே இல்லை.

11ஆம் எண் டிராம் 'ஷாவ்லாகர்' என்றே பெயருள்ள நிறுத்தத்தில் நிற்கும். 2003இல் திறந்த கலைக் கிடங்கு. கண்காட்சி நடக்கும்போது மட்டும்தான் உள்ளே விடுவார்கள், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சும்மா போனாலும் நஷ்டமில்லை. சுவரில் கையை வைத்துப் பாருங்கள், சரளைக்கல் உறுத்தும். அடித்தளம் தோண்டும்போது அந்த மண்ணில் கிடைத்த கல்லையே கான்கிரீட்டில் கலந்திருக்கிறார்கள். என் தொழிலில் எனக்குப் பொறாமை வந்த சுவர் இது ஒன்றுதான்.

திரும்பும் வழியில் வோல்ஃப் கல்லறைத் தோட்டத்தின் ஓரம், தண்டவாளத்தை ஒட்டி 1994இன் ரயில்வே சிக்னல் கட்டடம். இதை அந்தி சாயும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல்முறை உச்சி வெயிலில் போய், வெறும் பழுப்புப் பெட்டி என்று நினைத்துத் திரும்பியவன் நான். கிட்டத்தட்ட 20 செ.மீ. அகலச் செப்புப் பட்டைகளைக் கட்டடம் முழுக்கச் சுற்றியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் மின்னணுக் கருவிகளை வெளி மின்காந்தத் தாக்கத்திலிருந்து காக்கும் கூண்டு அதுதான். ஜன்னல் வரும் இடங்களில் மட்டும் பட்டையை லேசாகத் திருப்பியிருப்பார்கள். உள்ளே விளக்கு எரிந்தால் அந்த இடுக்குகள் ஒளிரும். தண்டவாளப் பக்கம் இறங்காமல் சுவருக்கு இந்தப் புறம் நின்றே பாருங்கள்.

பாசல் ஹோட்டலில் தங்குபவர்களுக்குத் தரும் பாசல்கார்டைக் கையில் வைத்திருங்கள். நகர டிராமுக்குத் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டாம்.