ராக்கர் விகிதம் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய அம்பாசடர் பெட்ரோல் வண்டியின் 1489 சிசி இன்ஜினும் எம்ஜிபி காரின் 1798 சிசி இன்ஜினும் பிஎம்சி பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பம். சுழலும் கேம் டேப்பெட்டைத் தள்ள, அதன் மேல் நிற்கும் புஷ் ராட் என்ற கம்பி ஏறும்; அது சீசா போன்ற ராக்கரின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை வால்வை அமுக்கித் திறக்கும். புஷ் ராட் ஏறும் தூரத்தைப் போல எத்தனை மடங்கு வால்வு இறங்குகிறது என்பதுதான் ராக்கர் விகிதம். இந்தக் குடும்பத்தில் அது சுமார் 1.4. பழைய வண்டி வேலையில் புதிதாக இறங்குபவர்கள் இதை அளக்கும்போது திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பிளக்கைக் கழற்றாமல் இன்ஜினைச் சுற்றுவது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

டேப்பெட் கிளியரன்ஸோடு அளப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் சிறு இடைவெளிதான் கிளியரன்ஸ். அது 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். புஷ் ராட் 6.35 மி.மீ. ஏறினால் வால்வு 8.89 மி.மீ. இறங்க வேண்டும். அந்த இடைவெளியை மூடவே 0.38 போய்விடுவதால் வால்வின் நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜ் 8.51தான் காட்டும். வகுத்துப் பார்த்தால் 1.34. ராக்கர் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

ஒரு தம்பி அப்படித்தான் ஒரிஜினல் ராக்கர்களைக் கழற்றி வைத்துவிட்டு, 1.55 விகித ரோலர் ராக்கர்களை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். கேம் ஏற்கெனவே அதிக லிஃப்ட் கொண்டது, அதாவது வால்வை வழக்கத்தைவிட அதிகம் திறப்பது. வால்வு ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றன. புஷ் ராடுகள் வளைந்தன. பழைய ராக்கர்களைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றில்கூடக் குறை இல்லை. நல்லவேளை, காயலான் கடைக்குப் போகவில்லை.

சரி, எப்படி அளப்பது? 8-ஆவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1-ஆவது வால்வின் டேப்பெட் கேமின் அடிவட்டத்தில், அதாவது மேடில்லாத வட்டப் பகுதியில் நிற்கும். 7-க்கு 2, 6-க்கு 3 என எப்போதும் கூட்டுத்தொகை ஒன்பது. அந்த நிலையில் ராக்கரில் கிளியரன்ஸைச் சரிசெய்யும் ஸ்க்ரூவை மெதுவாக முறுக்கி ஆட்டத்தை மட்டும் எடுங்கள். புஷ் ராட் விரலால் உருட்டினால் சுழல வேண்டும். வால்வின் மேலிருக்கும் கேஜ் முள் அசையவே கூடாது. அப்புறம்தான் அளவு.

டயல் கேஜைச் சாய்த்து வைப்பது

கேஜின் தண்டு வால்வுத் தண்டுக்கு இணையாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் மூடியின் தட்டையான பரப்பில் 15 டிகிரி சாய்ந்து நின்றால் 8.89 மி.மீ. 9.20 ஆகத் தெரியும். கிளியரன்ஸ் தவறும் கூடச் சேர்ந்தால் விடை 1.39 வரும். இரண்டு தவறும் ஒன்றையொன்று மறைத்து, சரியாக அளந்தது போலவே தோன்றும். இதுதான் ஆபத்து.

ராக்கர் ஷாஃப்ட்டை அவசரமாகக் கழற்றுவது

புஷ் ராடின் ஏற்றத்தை அளக்க ஷாஃப்ட்டைத் தூக்கியாக வேண்டும். ஆனால் அதைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நான்கு, சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அவற்றை மட்டும் தளர்த்தினால் ஹெட் கோணி, கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் ஆயில் சம்ப்புக்கும் இறங்கும். முதலில் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, எல்லா ஹெட் நட்டுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக, வரிசைப்படி தளர்த்துங்கள்.

வெர்னியரை வைத்து ராக்கரின் இரு கைகளையும் அளந்து வகுப்பது

வேண்டாம். ராக்கர் சுழலச் சுழல விகிதம் மாறும்.

ஒன்றை அளந்து எட்டுக்கும் எழுதுவது

எட்டையும் அளக்க வேண்டும்.

பழைய கிளியரன்ஸைத் திரும்ப வைக்க மறப்பது

ஆட்டமே இல்லாமல் விட்டு வண்டியை ஓட்டினால், சூடேறியதும் வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வுதான் முதலில் எரியும்.