முயல் திடீரென்று சாப்பிடாமல் மூலையில் ஒடுங்கிவிட்டால்: டாக்டரிடம் போகும்வரை வீட்டில் என்ன செய்யலாம்?

முயல் தன் நோயை மறைத்துவைக்கும் பிராணி. காட்டில் சோர்ந்து தெரியும் முயலைத்தான் நரியும் பருந்தும் முதலில் குறிவைக்கும். தலைமுறை தலைமுறையாக வந்த அந்தப் பயம் வீட்டுக் கூண்டுக்குள்ளும் அதை விட்டுப்போகாது. அதனால் "என்னமோ டல்லா இருக்கே" என்று நமக்குத் தோன்றும்போது உள்ளே தொந்தரவு ஆரம்பித்துப் பல மணி நேரம் ஆகியிருக்கும். நாய் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடலாம். வளர்ந்த முயல் 12 மணி நேரமாகச் சாப்பிடவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் அது அவசரம். ராத்திரியானாலும் ஞாயிற்றுக்கிழமையானாலும் அவசரம்தான்.

ஏன் இத்தனை அவசரம்? முயலின் குடல் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் குடலில் ஒரு பெரிய பை இருக்கிறது. புல்லின் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றும் நுண்ணுயிரிகள் அதில்தான் வாழ்கின்றன. வலி, பயம், வெயில், தண்ணீர்க் குறைவு, பல் கோளாறு, தீபாவளி வெடிச்சத்தம் என்று ஏதாவது ஒரு காரணத்தால் முயல் சாப்பிடுவதை நிறுத்தினால் குடலின் ஓட்டம் மந்தமாகும். உள்ளே இருப்பது காய்ந்து இறுகும், வாயு சேரும், வலி கூடும். வலி கூடினால் இன்னும் சாப்பிடாது. டாக்டர்கள் இதை ஜிஐ ஸ்டேசிஸ் என்பார்கள், நாம் குடல் தேக்கம் என்று வைத்துக்கொள்வோம். இது தனி நோய் இல்லை, பின்னால் வேறொரு காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடிப்பது டாக்டரின் வேலை. அதுவரை முயலைத் தாக்குப்பிடிக்க வைப்பதும், தெரியாமல் நாமே கெடுத்துவிடாமல் இருப்பதும் நம் வேலை.

முதல் படி: தூக்குவதற்கு முன் பாருங்கள்

கூண்டுக்குப் பக்கத்தில் அமைதியாக உட்காருங்கள். டிவியை அணையுங்கள், குழந்தைகளையும் நாயையும் வேறு அறைக்கு அனுப்புங்கள். இரண்டு நிமிடம் பார்த்தாலே நிறைய தெரியும்.

முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருக்கிறதா? வயிற்றைத் தரையில் அழுத்தி அழுத்திப் படுக்கிறதா? பல்லைச் சத்தமாக நறநறக்கிறதா? மூன்றுமே வலியின் அடையாளம். தடவிக்கொடுக்கும்போது மெல்லப் பல் உரசுவது சுகத்தில், அது வேறு. மூச்சையும் கவனியுங்கள். முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும். தலையை மேலே தூக்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் மேலே படிக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

அடுத்து கூண்டின் தரை. நல்ல முயலின் புழுக்கை ஒரே அளவில் உருண்டையாக இருக்கும். உடைத்தால் உள்ளே புல் நார் தெரியும். குடல் மந்தமாகும்போது புழுக்கை சிறுத்து, கோணலாகி, சில நேரம் முடியில் கோத்த மணிமாலையாக வரும். அப்புறம் நின்றுவிடும். திராட்சைக் கொத்துபோல் பளபளவென்று ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து வயிற்றுப்போக்கு என்று பயப்படாதீர்கள். முயல் திரும்பத் தின்பதற்காகப் போடும் மென்புழுக்கை அது. தண்ணீராகப் போனால்தான் வயிற்றுப்போக்கு.

இப்போது ஒரு கொத்தமல்லித் தழையையோ அதற்குப் பிடித்த வேறு எதையாவதோ மூக்கருகே நீட்டுங்கள். வாங்கி மென்றால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. ஆசையாக வந்து வாயில் வைத்துவிட்டுக் கீழே போட்டால், தாடையும் ஈரமாக இருந்தால், பல்லில்தான் கோளாறு இருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: காது, ஈறு, வயிறு

முயலைத் தூக்கும் விதம் முக்கியம். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒரு கை நெஞ்சுக்கடியில், இன்னொரு கை பின்பக்கத்துக்கடியில். பின்னங்கால் அந்தரத்தில் தொங்கினால் அது உதைக்கும், அந்த உதையில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். பழக்கமில்லாதவர்கள் தூக்கவே வேண்டாம். தரையில் ஒரு துண்டை விரித்து அங்கேயே வைத்துப் பாருங்கள்.

காதின் அடிப்பகுதியை விரல்களுக்கிடையே பிடித்துப் பாருங்கள். அறை குளிராக இல்லாதபோதும் காது சில்லென்று இருந்து முயலும் துவண்டு கிடந்தால் உடல் வெப்பம் இறங்குகிறது என்று அர்த்தம். முயலின் இயல்பான வெப்பம் 101 முதல் 104 டிகிரி ஃபாரன்ஹீட், நம்மைவிட அதிகம். 100க்குக் கீழே போனால் ஆபத்து, 105ஐத் தாண்டினாலும் ஆபத்து. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதை, யாராவது நேரில் கற்றுக்கொடுத்திருந்தால் மட்டும் செய்யுங்கள். அது துள்ளினால் குடலில் காயமாகிவிடும்.

மேலுதட்டை லேசாக விலக்கினால் ஈறு தெரியும். வெளிர் ரோஜா நிறம் சரி. வெள்ளையாகவோ நீலம் பாய்ந்தோ இருந்தால் நேரம் இல்லை.

வயிற்றை உள்ளங்கையால் மெதுவாகத் தொடுங்கள், அமுக்க வேண்டாம். தளர்வாக இருக்கலாம், பிசைந்த மாவு மாதிரி அழுந்தலாம். ஆனால் விலா எலும்புக்குப் பின்னால் இறுகி உப்பி, தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்டால் இரைப்பையில் அடைப்பும் வாயுவும் இருக்கலாம். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அந்த வாயு வெளியேற வழியில்லை. இந்த நிலையில் உணவு, தண்ணீர், மசாஜ் எதுவும் வேண்டாம். நேராக ஆஸ்பத்திரி.

மூன்றாம் படி: போன்

மற்ற எதற்கும் முன்னால் டாக்டருக்குப் போன் போடுங்கள். நம் ஊர்க் கால்நடை மருத்துவர்கள் பலர் பெரும்பாலும் நாய், பூனை, மாடு, ஆடுதான் பார்ப்பார்கள். ஆகவே முதல் கேள்வி, "டாக்டர், நீங்க முயல் பாப்பீங்களா?" பார்க்க மாட்டேன் என்றால், யார் பார்ப்பார்கள் என்று அவரிடமே கேளுங்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. சென்னையில் வேப்பேரி, வெளியூர்களில் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி. எந்த நேரத்தில் பார்ப்பார்கள் என்பதை முயலுக்கு ஒன்றும் இல்லாத நாளிலேயே விசாரித்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

போனில் சொல்ல வேண்டியவை: வயது, ஆணா பெண்ணா, எடை, கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது புழுக்கை போட்டது, சிறுநீர் போகிறதா, சமீபத்தில் தீவனம் மாறியதா, ஏதாவது மருந்து கொடுத்தீர்களா. மருந்தின் அளவு எடையை வைத்துத்தான், எனவே எடை தெரிந்தே ஆக வேண்டும். கூடையில் உட்காரவைத்து, பயணப் பெட்டி தூக்கிப் பார்க்கும் கைத்தராசில் மாட்டி, கூடையின் எடையைக் கழித்தால் போதும்.

நான்காம் படி: சூடா, குளிர்ச்சியா?

காது சில்லென்று இருந்தால் சூடு கொடுங்கள். பாட்டிலில் வெதுவெதுப்பான நீரை நிரப்பி மூடியை நன்றாகத் திருகி, துண்டில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். மறுபக்கம் காலியாக இருக்கட்டும். சூடு அதிகமானால் அது நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். நகரக்கூடத் தெம்பில்லாத முயலை அரை மணிக்கொரு தரம் நீங்கள்தான் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கத்திரி வெயிலில் கதை தலைகீழ். காது நெருப்பாகச் சுட்டு, முயல் நீட்டிப் படுத்து வேகமாக இரைத்தால் வெப்பத்தாக்கு. முயலுக்கு நம்மைப்போல் வியர்க்காது, காது வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றும். நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணக் குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு காதின் வெளிப்புறத்தையும் ஒற்றி ஒற்றி எடுங்கள், ஃபேனைப் போடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், பக்கெட்டில் முக்கவும் வேண்டாம். அந்த அதிர்ச்சியே உயிரை எடுத்துவிடும். தேறிவிட்டதுபோல் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: ஊட்டலாமா?

புதிதாக வளர்ப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

வயிறு உப்பியிருந்தால், உடம்பு சில்லிட்டுத் துவண்டிருந்தால், மூச்சுத் திணறினால், வலிப்பு வந்தால், விழுங்கவில்லை என்றால் ஊட்டவே கூடாது. இவை எதுவும் இல்லை, முயல் விழிப்பாக இருக்கிறது, டாக்டரைப் பார்க்க இன்னும் சில மணி நேரம் ஆகும், அவரும் போனில் சரி என்கிறார் என்றால் ஊட்டலாம்.

நோயுற்ற முயலுக்கென்றே கிரிட்டிகல் கேர் என்ற பொடி கிடைக்கிறது. கையில் இல்லையென்றால் வழக்கமாகப் போடும் பெல்லட்டை (குச்சிபோல் உருட்டிய முயல் தீவனம்) மிக்ஸியில் பொடித்து, வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, தளதளவென்று கஞ்சிப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். சிரிஞ்சை அழுத்தினால் தடையில்லாமல் வர வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் 1 மில்லி சிரிஞ்ச் நான்கைந்து வாங்கி, ஊசியைக் கழற்றி எறிந்துவிடுங்கள்.

முயலை நான்கு காலும் தரையில் படும்படி துண்டில் பொதிந்து, உங்கள் முழங்கால்களுக்கு நடுவே, உங்களைப் பார்க்காமல் வெளியே பார்த்தபடி உட்காரவையுங்கள். மல்லாத்தக் கூடாது, தலையை அண்ணாத்தக் கூடாது. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். வாயின் ஓரத்தில் அந்த இடைவெளி வழியாக சிரிஞ்ச் நுனியைக் குறுக்காக நுழைத்து அரை மில்லி மட்டும் விடுங்கள். தாடை அசையும், மெல்லும், விழுங்கும். விழுங்கிய பிறகுதான் அடுத்த அரை மில்லி. நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும். மூக்கில் உணவு எட்டிப் பார்த்தாலோ தும்மினாலோ உடனே நிறுத்துங்கள். ஒரு கிலோ முயலுக்கு ஒரு வேளைக்கு 10 மில்லி வரை பொதுவான கணக்கு. முதல் தடவை அதில் பாதி போதும். சண்டை போட்டு ஊட்டாதீர்கள், அந்த மிரட்சியே குடலை இன்னும் நிறுத்தும்.

பக்கத்தில் தண்ணீரைக் கிண்ணத்தில் வையுங்கள், சோர்ந்த முயலுக்கு உறிஞ்சும் பாட்டிலைவிட அது எளிது. கழுவிய ஈரம் சொட்டும் அருகம்புல்லையும் போட்டு வையுங்கள். நடக்க விரும்பினால் வழுக்காத பாய்மேல் விடுங்கள், நடை குடலுக்கு நல்லது.

கொடுக்கவே கூடாதவை

பால், ஓம வாட்டர், கிரைப் வாட்டர், இஞ்சிச் சாறு, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். குழந்தைக்கு ஒத்துக்கொள்வது முயலுக்கு ஒத்துக்கொள்ளாது. பாராசிட்டமால் முதலான நம் வீட்டு மாத்திரைகளும் வேண்டாம்.

ஆன்டிபயாட்டிக்கில் தனிக் கவனம் வேண்டும். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிரிகள் அழிந்து, நஞ்சு சுரக்கும் கிருமிகள் பெருகி முயல் செத்துப்போகலாம். ஆஸ்பத்திரியில் மருந்து எழுதும்போதும் தயங்காமல் கேளுங்கள்: "டாக்டர், முயலுக்கு அமாக்சிசிலின் வாய்வழியா ஆகாதுன்னு படிச்சேன், இது அந்த வகையா?" நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். உண்ணிக்காக நாய்மேல் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு விஷம்.

வேறு சில அவசரங்கள்

சந்தையில் வாங்கிய சின்னக் குட்டிக்குத் தண்ணீராகப் போனால் ஒரே நாளில் உயிரே போய்விடலாம். துடைத்துக் கதகதப்பாக வைத்து அன்றே காட்டுங்கள். மழைக்காலத்தில் பின்புறம் அழுக்கான முயலின்மேல் ஈ முட்டையிட்டு ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் புழுக்களைச் சாமணத்தால் எடுத்துக்கொண்டே வண்டியை வரச் சொல்லுங்கள். குளிப்பாட்ட வேண்டாம், மண்ணெண்ணெய் போன்ற எதையும் ஊற்ற வேண்டாம். தலை ஒருபக்கம் சாய்ந்து உருண்டால், இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டை முட்டுக்கொடுத்து, வெளிச்சத்தைக் குறைத்து அழைத்துப்போங்கள். சாய்ந்த தலையைக் கையால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள்.

கிளம்பும்போது

பூனைக் கூடையோ காற்றோட்டமுள்ள உறுதியான பெட்டியோ போதும். அடியில் வழுக்காத துண்டு, மேலே வெளிச்சம் மறைக்க மெல்லிய துணி. ஆட்டோவில் காலுக்கடியில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், எஞ்சின் சூடு படக்கூடாது. ஜோடி முயல் இருந்தால் அதையும் கூட்டிப்போங்கள், துணை இருந்தால் மிரட்சி குறையும். கிடைத்த புழுக்கையை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சு விடுவதையும் உட்காரும் விதத்தையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள், மேஜைமேல் ஏறியதும் முயல் மறுபடியும் நடிக்க ஆரம்பித்துவிடும். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், முயலுக்கு வாந்தி வராது என்பதை நினைவூட்டிக் கேளுங்கள். மயக்க மருந்துக்காகக்கூட அதைப் பட்டினி போடும் வழக்கம் கிடையாது.

ஆஸ்பத்திரியில் வலிமருந்து, தோலுக்கடியில் திரவம், தேவைப்பட்டால் எக்ஸ்ரே என்று போகும். வீட்டுக்குத் திரும்பியதும் ஒரு தாளில் மருந்து கொடுத்த நேரம், ஊட்டிய மில்லி, புழுக்கையின் எண்ணிக்கை மூன்றையும் எழுதி வாருங்கள். முதலில் வரும் புழுக்கை சின்னதாக, கறுத்து, முடியோடுதான் வரும், அது நல்ல சேதி. இரவு முழுக்க ஒன்றுகூட வரவில்லை என்றாலோ வயிறு இறுகினாலோ மறுநாள் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அந்தத் தாளோடு திரும்பப் போங்கள்.