வெளிச் செயலிக்கு கிட்ஹப் டோக்கன் கொடுப்பது எப்படி?

நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில், உங்கள் குழுவின் பிரைவேட் ரெப்பாசிட்டரியில் (வெளியாருக்குத் தெரியாத கோப்புத் தொகுப்பில்) பதிவாகும் இஷ்யூக்களை (பிழை, வேலைக் குறிப்புகளை), வேறொரு சர்வரில் ஓடும் உங்கள் வலைப்பக்கத்தில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சர்வர் கிட்ஹப் ஏபிஐயிடம் (செயலிகள் தகவல் கேட்கும் வாசல்) போய்த் தகவல் கேட்டால், யார் கேட்கிறார்கள், எந்த அனுமதியில் கேட்கிறார்கள் என்று கிட்ஹப்புக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்வதற்கான ரகசிய வரிதான் டோக்கன்.

யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்தால் ஆகாதா? முன்பு ஆகும். 2020 நவம்பரில் கிட்ஹப் தன் ஏபிஐயில் பாஸ்வேர்டை ஏற்பதை நிறுத்தியது. 2021 ஆகஸ்டில் கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) வழியாக நிரலை ஏற்றும், இறக்கும் புஷ், புல் வேலைகளுக்கும் நிறுத்தியது. நல்ல முடிவு. பாஸ்வேர்டைக் கொடுப்பது வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பது போல. டோக்கன் ஓர் அறையின் சாவி மட்டும். ஆனால் எந்த அறை, எத்தனை நாளைக்கு என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். டோக்கனை உருவாக்குவது சில நிமிட வேலை. எதை டிக் செய்கிறோம் என்பதில்தான் முழுக் கவனமும் வேண்டும்.

படி 1: சரியான வகையைத் தேர்ந்தெடுங்கள்

கிட்ஹப்பில் உங்கள் படத்தைக் கிளிக் செய்து செட்டிங்ஸ் போங்கள். இடப்பக்கப் பட்டியலின் அடியில் டெவலப்பர் செட்டிங்ஸ் இருக்கும். அதற்குள் பர்சனல் ஆக்சஸ் டோக்கன்ஸ். அதில் ஃபைன்-கிரெய்ன்டு, கிளாசிக் என்று இரண்டு வகை.

பழைய விளக்கங்கள் பலவும் கிளாசிக்கைத்தான் காட்டும். அதில் ரெப்போ என்ற ஒரு பெட்டியை டிக் செய்தாலே, உங்களுக்கு அனுமதி உள்ள எல்லா ரெப்பாசிட்டரிகளையும், பிரைவேட் உட்பட, அந்தச் செயலியும் அணுக முடியும். ஒரே ஒரு ரெப்பாசிட்டரியின் இஷ்யூக்களைப் படிக்க இவ்வளவு எதற்கு? ஃபைன்-கிரெய்ன்டைத் தேர்ந்தெடுத்து, ஜெனரேட் நியூ டோக்கனை அழுத்துங்கள்.

படி 2: பெயர், காலம், எல்லை

எந்தச் செயலிக்கு என்று பார்த்தவுடன் புரியும்படி பெயர் வையுங்கள். செயலி ஒன்றுக்கு டோக்கன் ஒன்று. அப்போதுதான் ஒன்றை ரத்து செய்தாலும் மற்றவை ஓடும். காலாவதிக்கு 30 நாளோ 90 நாளோ போடுங்கள்.

ரிசோர்ஸ் ஓனர் என்ற இடத்தில், ரெப்பாசிட்டரி யார் பெயரில் இருக்கிறதோ அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது ஓர் ஆர்கனைசேஷன் என்றால் அதன் நிர்வாகி ஒப்புதல் தர வேண்டியிருக்கலாம். அதுவரை பொதுவில் இருப்பதை மட்டுமே அந்த டோக்கன் படிக்கும்.

அப்புறம் ரெப்பாசிட்டரி ஆக்சஸ். ஒன்லி செலெக்ட் ரெப்பாசிட்டரீஸ் என்பதை அழுத்தி, தேவையானதை மட்டும் சேருங்கள்.

படி 3: அனுமதி

பெர்மிஷன்ஸ் பகுதியில் நீண்ட பட்டியல் இருக்கிறது என்று மிரள வேண்டாம். நமக்கு வேண்டியது இஷ்யூஸ் மட்டும். அதற்கு ரீட்-ஒன்லி கொடுங்கள். மெட்டாடேட்டாவுக்கான (ரெப்பாசிட்டரியின் அடிப்படை விவரங்கள்) ரீட் அனுமதி தானாகவே சேர்ந்துவிடும், அது கட்டாயம். பின்னால் தேவைப்படலாம் என்று எதையும் இப்போதே சேர்க்காதீர்கள். தேவை வரும்போது இதே பக்கத்தில் திருத்திக்கொள்ளலாம்.

ஜெனரேட் அழுத்தியதும் நீளமான ஒரு வரி தோன்றும். அது ஒரு முறைதான் காட்டப்படும். உடனே காப்பி செய்யுங்கள்.

படி 4: சோதனை

ஏபிஐயைச் சோதிக்க உதவும் போஸ்ட்மேன் செயலியில் புதிய கெட் ரிக்வெஸ்ட் (தகவல் கேட்கும் கோரிக்கை) திறந்து, ஏபிஐ முகவரியில் (api.github.com) ரெப்போஸ், உரிமையாளர் பெயர், ரெப்பாசிட்டரி பெயர், இஷ்யூஸ் என்று வரிசையாகச் சாய்கோடு போட்டு எழுதுங்கள். ஆத்தரைசேஷன் டேபில் பியரர் டோக்கன் வகையைத் தேர்ந்து, காப்பி செய்ததை ஒட்டுங்கள். பதிலின் நிலை எண் 200 என்று வந்தால் சரி.

401 வந்தால் டோக்கனே தவறு, அல்லது காலாவதியாகிவிட்டது. ஒட்டும்போது ஓர் எழுத்து விடுபட்டிருந்தாலும் இதுதான் வரும். 403 என்றால் டோக்கன் சரி, அனுமதி போதவில்லை. புதியவர்களை அதிகம் குழப்புவது 404, அதாவது ‘அப்படி ஒன்று இல்லை’. முகவரி தவறு என்று நினைத்து அதையே திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். அனுமதி இல்லாத ஒருவருக்கு, அப்படி ஒரு பிரைவேட் ரெப்பாசிட்டரி இருக்கிறது என்பதைக்கூட கிட்ஹப் காட்டிக்கொடுக்காது. அதனால்தான் இல்லை என்கிறது. எழுத்துப்பிழை இல்லை என்றால், படி 2-இல் அந்த ரெப்பாசிட்டரியைச் சேர்த்தீர்களா என்று பாருங்கள்.

இன்னொரு சோதனையும் அவசியம். இதே டோக்கனோடு உங்களுடைய வேறொரு பிரைவேட் ரெப்பாசிட்டரியைக் கேளுங்கள். 404 வர வேண்டும். போஸ்ட் ரிக்வெஸ்ட் மூலம் புதிய இஷ்யூ ஒன்றைப் பதிய முயலுங்கள். மறுக்க வேண்டும். மறுக்கவில்லை என்றால் தேவைக்கு மேல் கொடுத்திருக்கிறீர்கள்.

படி 5: எங்கே வைப்பது?

டோக்கனைப் பிரௌசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதவே கூடாது. பக்கத்தைத் திறக்கும் யார் வேண்டுமானாலும் டெவலப்பர் டூல்ஸில் அதைப் பார்த்துவிடலாம். சர்வரின் என்விரான்மென்ட் வேரியபிளில் (நிரலுக்கு வெளியே சர்வரில் வைக்கும் மதிப்பு) வையுங்கள். கிட்ஹப்பைச் சர்வர்தான் கேட்க வேண்டும், பிரௌசருக்குப் பதில் மட்டும் போக வேண்டும். அந்த மதிப்புகளை எழுதிவைக்கும் டாட் என்வ் (.env) கோப்பில் வைத்திருந்தால் அதன் பெயரை, கிட் சேர்க்காமல் விட வேண்டியவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் சேருங்கள். டோக்கனோடு கேட்டால் பொதுவாக மணிக்கு 5,000 ரிக்வெஸ்ட் வரை அனுமதி உண்டு (டோக்கன் இல்லாமல் 60தான்). ஆனாலும் பதிலைச் சில நிமிடங்கள் சேமித்துவைத்துக் காட்டுவது நல்லது.

தவறிப்போய் டோக்கன் கமிட் ஆகிவிட்டால் (கிட்டில் பதிவாகிவிட்டால்) கோப்பை நீக்குவது போதாது. கிட் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். முதலில் டோக்கனை ரத்து செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு. பொது ரெப்பாசிட்டரியில் விழுந்த டோக்கனை கிட்ஹப் கண்டுபிடித்துத் தானே ரத்து செய்யும், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

இந்த முறை உங்கள் சொந்தக் கணக்கை உங்கள் சொந்தச் செயலி அணுகுவதற்கு. மற்றவர்களின் கணக்கை உங்கள் செயலி அணுக வேண்டும் என்றால், அவர்களிடம் டோக்கன் கேட்டு வாங்காதீர்கள். அதற்கு கிட்ஹப் ஆப் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் அதை நிறுவும்போது எந்த ரெப்பாசிட்டரி என்று அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். அந்த நிறுவலுக்குக் கிடைக்கும் டோக்கன் 1 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும்.