ஆலைக் கழிவுநீரால் இறுகிய மண்ணை மீட்ட விதம்

சுத்திகரித்த ஆலைக் கழிவுநீரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பாய்ச்சிய பிறகு, என் நிலத்தில் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கி நிற்கத் தொடங்கியது. காய்ந்ததும் மேல்மண் ஓடுபோல் இறுகியது. அதில் ஒரு கட்டியை எடுத்து, மழைநீர் நிரப்பிய கண்ணாடிக் குவளையில் கலக்காமல் போட்டு வைத்தேன். அது தானாகவே கரைந்து, மறுநாளும் தெளியாத பால் போன்ற கலங்கலாக நின்றது. கழிவுநீரின் உப்பிலிருந்த சோடியம் களித்துகள்களைப் பிரித்துவிட்டது என்பது அப்போதே புரிந்தது.

மண் பரிசோதனையும் அதையே உறுதி செய்தது: கார அமில நிலை 8.9, பரிமாற்றச் சோடியம், அதாவது களித்துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியத்தின் பங்கு, 15 விழுக்காட்டுக்கு மேல். நீரில் கரிமக் கழிவு குறைந்திருப்பதை மட்டும் பார்த்து நல்ல நீர் என்று நம்பியிருந்தேன். ஆனால் வழக்கமான உயிரியல் சுத்திகரிப்பு, கரைந்த உப்பை நீக்குவதில்லை.

முதலில் வடிகால் வெட்டினேன். அது இல்லாமல் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) இடுவது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து. பின்னர், ஆய்வகம் கணக்கிட்டுத் தந்த அளவில் ஜிப்சத்தை மேல்மண்ணில் கலந்து, பாத்திகளில் உப்பில்லாத கிணற்று நீரைத் தேக்கி, பல முறை வடித்தேன். கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்க, வெளியேறிய சோடியம் சல்பேட்டாகக் கரைந்து நீரோடு போயிற்று. அடுத்து பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதேன்.

இப்போது கழிவுநீரைக் கிணற்று நீருடன் சரிபாதியாகக் கலந்தே பாய்ச்சுகிறேன். அதிலுள்ள தழைச்சத்தைக் கணக்கிட்டு யூரியாவைக் குறைத்துக்கொண்டேன். காட்மியம், குரோமியம் போன்ற கன உலோகங்கள் மண்ணில் சேர்ந்துவிட்டால் இவ்வாறு கழுவி வெளியேற்ற இயலாது என்பதால், அவற்றுக்கான பரிசோதனையை ஒருபோதும் தள்ளிப்போடுவதில்லை. குவளைச் சோதனையைப் பருவந்தோறும் செய்கிறேன்; சென்ற முறை போட்ட கட்டி, நீர் தெளிவாகவே இருக்க, உருக்குலையாமல் அடியில் கிடந்தது.